பெட்டிசத்தில் வந்த சுழியோடிகள்

திருகோணமலைத் துறைமுகக் களஞ்சியத்தில் நான்கு வருடம் கிளாக்கராக இருந்துவிட்டு, ஐம்பத்தாறாம் ஆண்டின் கடைசியில் நான் ஊருக்குத் திரும்பினேன். கையில் ஒரு தகரப் பெட்டி இருந்தது. சாரன்களுக்கும் சட்டைகளுக்கும் அடியில், முகத்தில் மாட்டும் நீர்க்கண்ணாடி ஒன்றும், காலில் மாட்டும் ரப்பர்த் துடுப்புகள் ஒரு சோடியும், என் பெயர் எழுதிய மஞ்சள் அட்டை ஒன்றும் கிடந்தன. காற்றுப் போத்தலை முதுகில் கட்டிக்கொண்டு கடலுக்குள் இறங்க நான் பயிற்சி பெற்றவன் என்பதற்கு அந்த அட்டைதான் அத்தாட்சி.

அந்தப் பயிற்சி எனக்குக் கிடைத்தது ஒரு தற்செயல். களஞ்சியத்திலிருந்து கயிறு, ரப்பர்க் குழாய், ஈயக்கட்டி என்று அடிக்கடி வாங்கிப் போக ஒரு வெள்ளைக்காரப் பயிற்சியாளர் வருவார். விடுமுறை நாட்களில் தன் ஆட்களைக் கூட்டிக்கொண்டு சுழியோடுவது அவருடைய பொழுதுபோக்கு. ஒருநாள், இவ்வளவு சாமானையும் வாங்கிப் போய்க் கடலுக்குள் என்னதான் பார்க்கிறீர்கள் என்று கேட்டுவிட்டேன். "வந்து பார்" என்றார். போனேன். மூன்று மாதம், சனிக்கிழமை தவறாமல் போனேன்.

கடைசிச் சோதனையில் தண்ணீருக்கடியில் முகக் கண்ணாடியைக் கழற்றி, மறுபடி மாட்டி, உள்ளே புகுந்த நீரை மூக்கால் ஊதி வெளியேற்ற வேண்டும். முதல் தடவை எனக்கு மூக்கில் தண்ணீர் ஏறிவிட்டது. மூச்சைப் பிடித்துக்கொண்டு நேரே மேலே பாய்ந்துவிட்டேன். அப்படிப் பாய்ந்தால் நெஞ்சுக்குள் இருக்கும் காற்று விரிந்து ஆளைக் கொன்றுவிடும் என்று முதல் நாளே சொல்லித் தந்திருந்தார்கள். பயிற்சியாளர் ஏசவில்லை. ஒரு வாரம் கழித்து மறுபடி இறக்கினார். அந்தத் தடவை சரிவந்தது. அட்டையும் கிடைத்தது. ஆனால் அந்த முதல் தடவையைப் பற்றி நான் யாரிடமும் மூச்சுவிடவில்லை.

ஊருக்கு வந்ததும் கல்முனைக் காரியாதிகாரி கந்தோரில், அதாவது அந்தப் பகுதியின் அரசாங்க அலுவலகத்தில், கிளாக்கர் வேலை கிடைத்தது. அடுத்த இரண்டு மாதத்துக்குள் சாய்ந்தமருதில் கலியாணமும் முடிந்தது. எங்கள் ஊர் வழக்கப்படி மாப்பிள்ளையாகிய நான் பெண் வீட்டில் குடிபோனேன். தகரப் பெட்டியும் கூடவே போனது. ஒருநாள் உடுப்பு அடுக்கி வைக்கும்போது என் மனைவி கண்ணாடியைத் தூக்கிப் பிடித்தாள்.

"இஞ்ச பாருங்க, இதென்ன சாமான்?"

சொன்னேன்.

"கடலுக்கடியிலயா? மீன் புடிக்கவா?"

"இல்ல."

"முத்து, சங்கு எடுக்கவா?"

"அதுக்குமில்ல. சும்மா பாக்க."

அவள் கண்ணாடியை மடியில் வைத்து அதன் பட்டியைத் தடவினாள். அவளுடைய சாச்சா, வாப்பாவின் தம்பி, கடலுக்குப் போய்த் திரும்பாதவர் என்பது எனக்குத் தெரியும். போகவேண்டாம் என்று சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன்.

"தனியப் போகப்படா," என்றாள். "தெரிஞ்ச ஆள் ஒராள் கூட இரிந்தா மட்டும்தான். அதுவும் எனக்குச் செல்லிப்போட்டுத்தான்."

திருகோணமலைப் பயிற்சியாளரும் இதைத்தான் சொல்லியிருந்தார். ஆனால் கூட இறங்குவதற்கு ஆளுக்கு எங்கே போவது? எங்கள் கரையில் கடலோடு பிழைப்பவர்களுக்குக் குறைவில்லை. மூச்சை அடக்கி நங்கூரம் எடுப்பவர்களும் இருந்தார்கள். ஆனால் காற்றுப் போத்தலோடு இறங்குகிறவன் கல்முனைக்கும் பொத்துவிலுக்கும் நடுவில் நான் ஒருவன்தான் போலிருந்தது. போத்தலும் என்னிடம் இல்லை.

கரைவலைக்காரர்களிடம் விசாரித்தேன். அவர்கள் என் வெள்ளைக் காற்சட்டையைப் பார்த்துவிட்டு, "கிளாக்கருக்குக் கந்தோரில வேல இல்லயா?" என்று சிரித்தார்கள். பள்ளிக்கூட வாத்திமார் இருவரிடம் கேட்டேன். பயிற்சியாளருக்குக் கடிதம் எழுதினேன். "உங்கள் பக்கத்தில் சிலர் இருப்பதாகக் கேள்வி, பெயர் விபரம் தெரியாது" என்று பதில் வந்தது. அந்த ஒரு வரியை எத்தனை தடவை படித்தேன் என்று எனக்கே தெரியாது.

இதற்குள் கதை ஊரில் வேறு விதமாகப் பரவிவிட்டது. ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுதுவிட்டு வந்து சோற்றில் கைவைக்கும் நேரம், அடுத்த தெருவிலிருந்து ஒரு பெண் ஓடிவந்தாள். அவளுடைய மகளின் காப்பு கிணற்றுக்குள் விழுந்துவிட்டது. வாளி விழுந்திருந்தால் கொளுவி எடுத்துவிடலாம், காப்பை எப்படிக் கொளுவுவது?

"உங்கட மருமகன் தண்ணிக்க போறவராம் எண்டு செல்றாங்களே," என்று என் மாமியிடம் கேட்டாள்.

மாமி என்னைப் பார்த்தார். சோற்றை மூடி வைத்துவிட்டுக் கண்ணாடியை எடுத்துக்கொண்டு போனேன். எங்கள் பக்கத்துக் கிணறுகள் மணற்பாங்கானவை, ஆழம் இல்லை. தண்ணீர் என் நெஞ்சுமட்டும்தான் இருந்தது. கிணற்றைச் சுற்றி இருபது பேர் எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்க, நான் குனிந்து மூன்று தடவை மணலைத் துழாவிக் காப்பை எடுத்துக்கொடுத்தேன். கூடவே ஒரு கரண்டியும், யாரோ எப்போதோ தொலைத்த ஒரு பூட்டும் வந்தன. ஊருக்கு வந்தபின் கழிந்த எட்டு மாதத்தில் நான் சுழியோடியது அவ்வளவுதான். கொஞ்ச நாளைக்குக் 'கிணத்துக் கிளாக்கர்' என்று எனக்குப் பெயரும் இருந்தது.

எங்கள் கந்தோரில் பெரிய கிளாக்கர் மட்டக்களப்புத் தமிழர். வெற்றிலை போட்டுச் சிவந்த வாயோடு மெதுவாகக் கதைப்பார். ஐம்பத்தேழாம் ஆண்டு, கச்சான் காற்று வீசிக்கொண்டிருந்த காலம், ஒரு காலையில் அவர் ஒரு தாளை என் மேசையில் போட்டார்.

"தம்பி, இந்தப் பெட்டிசத்த ஒருக்காப் பாரும். திருக்கோவில் பக்கத்து மீன்காரர் எழுதியிருக்காங்க. எனக்கெண்டா ஒண்டும் விளங்கல்ல."

பெட்டிசம் என்றால் எங்கள் கந்தோருக்கு வரும் முறைப்பாட்டு மனு. தினமும் வரும். காணி எல்லை, வாய்க்கால் தண்ணீர், மாடு பயிரில் மேய்ந்தது. இதைப் பிரித்தேன். யாரோ நல்ல கையெழுத்துக்காரரைக் கொண்டு எழுதுவித்திருந்தார்கள். திருக்கோவிலுக்குத் தெற்கே கடலில் உள்ள பாறைத்திட்டில் தாங்கள் காலங்காலமாக மீன் பிடித்து வருவதாகவும், சில மாதங்களாக ஞாயிற்றுக்கிழமைகளில் நான்கு ஆட்கள் முதுகில் இரும்புப் போத்தலைக் கட்டிக்கொண்டு அவ்விடத்தில் கடலுக்குள் இறங்குவதாகவும், தண்ணீர் கொதிப்பதுபோல் குமிழி வருவதாகவும், மீன்கள் பயந்து ஓடிவிட்டதாகவும், தங்கள் புது வலை ஒன்றை அவர்கள் அறுத்துக் கொண்டுபோய்விட்டதாகவும் அதில் இருந்தது. கீழே ஏழு கைநாட்டு.

நான் தாளை வைத்துவிட்டு எழுந்து நின்றுவிட்டேன்.

"என்ன தம்பி?" என்றார் பெரிய கிளாக்கர்.

"ஒண்டுமில்ல ஐயா. இது நான் நேர போய் விசாரிச்சிட்டு வாறன்."

"ஞாயித்துக்கிழமையா?"

"ஓம், ஞாயித்துக்கிழமைதான் அவங்க வாறாங்களாம்."

வலையைத் தொலைத்த ஏழு பேருடைய கவலையைப் பற்றி அன்று நான் நினைக்கவேயில்லை. போத்தலோடு இறங்குகிற ஆட்கள் இருக்கிறார்கள், ஒரு பஸ் பயணத் தூரத்தில் இருக்கிறார்கள் என்பதுதான் திரும்பத் திரும்ப மனதில் ஓடியது. இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனால் உண்மை அதுதான்.

ஞாயிற்றுக்கிழமை சுபஹ் தொழுதுவிட்டு முதல் பஸ்ஸில் ஏறினேன். கண்ணாடியையும் துடுப்புகளையும் பன்புல்லால் பின்னிய ஒரு பன்பையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டேன். பெட்டிசம் சட்டைப் பையில். காரைதீவு, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று. அங்கே பஸ் மாறித் திருக்கோவிலில் இறங்கிக் கடற்கரையோடு தெற்கே நடந்தேன். அரை மணி நேரம் நடந்திருப்பேன். தாழம் பற்றைக்குப் பக்கத்தில் ஒரு பழைய ஜீப் நின்றது. அதன் நிழலில் இரண்டு பேர் மணலில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு நடுவில் சாக்கு விரித்து இரண்டு போத்தல்கள் படுக்க வைத்திருந்தன.

ஒருவர் மெலிந்த, மூக்குக்கண்ணாடி போட்ட மனிதர். உள்ளூர்ப் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கும் மாஸ்டர் என்று பிறகு தெரிந்தது. மற்றவர் பறங்கியர். மட்டக்களப்பில் பிறந்து வளர்ந்தவர், அம்பாறைப் பக்கத்தில் மெக்கானிக் வேலை. பெரிய உடம்பு, கையெல்லாம் கிறீஸ் கறை.

"நான் கல்முனைக் காரியாதிகாரி கந்தோரிலிருந்து வாறன்," என்றேன்.

அதை அப்படித் தொடங்கியிருக்கக் கூடாது. இருவருடைய முகமும் இறுகிவிட்டது. மாஸ்டர் கோப்பையை மணலில் வைத்தார்.

"பெட்டிசம் போட்டிருக்காங்க எண்டு கேள்விப்பட்டம்," என்றார். "என்ன கேக்கணுமோ கேளுங்க."

"நாலு பேர் எண்டு எழுதியிருக்கு."

"நாலா?" மெக்கானிக் சிரித்தார், சந்தோஷமான சிரிப்பல்ல. "மூணு பேர் இருந்தம், மிஸ்டர். ஒராள் ஆஸ்பத்திரி அப்போதிக்கரி. அவருக்கு மன்னாருக்கு மாற்றம் வந்து போயிட்டார். இப்ப ரெண்டு பேர். ரெண்டு பேரும் இறங்கினா தோணியில நிக்க ஆளில்ல. மீன்காரரும் தோணி வலிக்க வாறாங்க இல்ல. மூணு ஞாயிறா இஞ்ச வந்து தேத்தண்ணி குடிச்சிட்டுப் போறம். இண்டையோட போதும், போத்தல வித்திடுவம் எண்டுதான் கதைச்சிட்டிருந்தம். போய் எழுதுங்க, எங்கட சுழியோடிச் சங்கம் மூடியாச்சு எண்டு."

கல்முனையிலிருந்து வரும் வழியெல்லாம் நான் யோசித்து வைத்திருந்த கேள்விகள் ஒன்றும் வாயில் வரவில்லை. பன்பையைத் திறந்து துடுப்புகளை எடுத்து மணலில் வைத்தேன். பிறகு கண்ணாடி. பிறகு அட்டை.

மாஸ்டர் அட்டையை எடுத்து இரண்டு பக்கமும் படித்தார். படித்துவிட்டு மெக்கானிக்கிடம் கொடுத்தார். அவர் விரலிலுள்ள கிறீஸ் படாமல் ஓரத்தில் பிடித்துப் படித்தார்.

"எட்டு மாசமா உங்களத்தான் தேடுறன்," என்றேன்.

மாஸ்டர்தான் முதலில் எழுந்தார். தன் கோப்பையைக் கடல் தண்ணீரில் கழுவிக் கொண்டுவந்து அதில் தேத்தண்ணி ஊற்றி என்னிடம் நீட்டினார்.

"முதல்ல இதக் குடிங்க தம்பி," என்றார். "விசாரணைய பொறகு பாப்பம்."

மெக்கானிக் மட்டும் அவ்வளவு லேசில் இளகவில்லை. அட்டை என்பது கடதாசி, ஆளைத் தண்ணீருக்குள்தான் தெரியும் என்றார். அவர் சொன்னது நியாயம். கீழே ஒருவர் உயிர் மற்றவர் கையில். அன்றைக்கு மாஸ்டரோடு நான் இறங்குவது, மெக்கானிக் தோணியில் நிற்பது என்று முடிவாயிற்று. பழைய தோணி ஒன்று அவர்களுடைய சொந்தம். மூன்று பேரும் தள்ளி இறக்கினோம்.

பாறைத்திட்டுக்குப் போகும் வழியில் மெக்கானிக் போத்தல்களின் கதையைச் சொன்னார். யுத்தகாலத்தில் விமானங்களுக்குக் காற்றடிக்கப் பாவித்த பம்பு ஒன்றை ஏலத்தில் எடுத்துத் திருத்தியிருந்தார். பம்பின் எண்ணெய் மணம் காற்றோடு சேராமல் இருக்க, சிரட்டைக் கரியைப் பொடித்து ஒரு குழாயில் அடைத்து அதன் வழியாகக் காற்றை விட்டு நிரப்புவாராம். "குடிக்கிற தண்ணியவிட இந்தக் காத்து துப்பரவு," என்றார். தன் பம்பைப் பற்றிக் கதைக்கும்போது ஆள் முற்றாக மாறிவிட்டார்.

ஆறு பாகம், அதாவது முப்பத்தாறு அடி ஆழம். ஈயப் பட்டியை இடுப்பில் கட்டி, ரப்பர்க் குழாயைக் கடித்துக்கொண்டு தோணியின் விளிம்பிலிருந்து சரிந்தேன். எட்டு மாதத்துக்குப் பிறகு அந்தச் சத்தம். என் மூச்சு உள்ளே போகும் சீறல், வெளியே வரும் குமிழிகளின் கலகலப்பு, வேறு ஒன்றுமில்லை. நங்கூரக் கயிற்றைப் பிடித்தபடி இறங்கினோம். கீழே பாறைகள் மங்கலாகத் தெரிந்து பிறகு தெளிந்தன. மஞ்சள் கோடு போட்ட மீன் கூட்டம் ஒன்று எங்களைக் கண்டு கொஞ்சம் விலகி, மறுபடி சேர்ந்துகொண்டது. பயந்து ஓடியதாகத் தெரியவில்லை என்று மனதுக்குள் குறித்துக்கொண்டேன். விசாரணைக்கு வந்தவன் அல்லவா.

அடியைத் தொட்டுச் சில நிமிடம் கூட ஆகியிருக்காது. தகரப் பெட்டிக்குள் எட்டு மாதம் கிடந்து உக்கிப்போயிருந்த கண்ணாடிப் பட்டி அறுந்தது. கண்ணாடி முகத்தை விட்டு வழுகியது. கண்ணிலும் மூக்கிலும் உப்புத் தண்ணீர் அடித்தது. ஒன்றும் தெரியவில்லை. உடம்பு முழுவதும் மேலே பாய், மேலே பாய் என்றது. திருகோணமலையில் பாய்ந்த அதே உடம்புதான்.

என் மேற்கையை ஒரு கை பிடித்தது. இழுக்கவில்லை, தள்ளவில்லை. சும்மா பிடித்துக்கொண்டு நின்றது. அவ்வளவுதான். வாயில் குழாய் இருக்கிறது, வாயால் மூச்சு வருகிறது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒரு மூச்சு எடுத்தேன். இன்னொன்று எடுத்தேன். ரப்பர்க் குழாயில் சிக்கிக் கழுத்தோரம் தொங்கிய கண்ணாடியைத் தடவிப் பிடித்து முகத்தில் வைத்து, மேல் விளிம்பை உள்ளங்கையால் அழுத்தி, மூக்கால் ஊதினேன். தண்ணீர் இறங்கியது. முதலில் தெரிந்தது மாஸ்டரின் முகம். மேலே போவோமா என்று கையால் கேட்டார். வேண்டாம் என்று தலையசைத்தேன். ஒரு கையால் கண்ணாடியைப் பிடித்தபடியே அவர் பின்னால் நீந்தினேன்.

பாறைத்திட்டின் தென்பக்கம் திரும்பியதும் வலையைக் கண்டேன். ஒருவரும் கொண்டுபோகவில்லை. நீரோட்டத்தில் இழுபட்டு வந்து பாறை இடுக்குகளில் கொளுவிக்கொண்டு, ஒரு வீட்டு நீளத்துக்குக் கிடந்தது. கிட்டப்போய்ப் பார்த்தேன். ஒரு நுனியில் கொஞ்சம் கிழிந்திருந்தது, அது பாறை கிழித்தது. ஆனால் நடுவில், இரண்டு முழ அகலத்துக்கு, கண்ணிகள் ஒரே சீராக வெட்டுப்பட்டிருந்தன. அது கத்தி. நான் திரும்பி மாஸ்டரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

தோணியில் ஏறியதும் நான் கேட்க முன்பே அவர் சொல்லிவிட்டார்.

"நாங்கதான் அறுத்தம். ஒரு ஆமை மாட்டிக் கிடந்தது. உயிரோட துடிச்சிட்டிருந்தது. வேற வழி தெரியல்ல."

"அத அவங்களுக்குச் சொன்னீங்களா?"

"இல்ல."

"வலை இஞ்ச கிடக்கு எண்டாவது?"

"அதச் சொன்னா இதயும் சொல்லணும்," என்றார் மெக்கானிக். "சொன்னா இந்தக் கரையில கால்வைக்க விடமாட்டாங்க."

தோணி மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. எட்டு மாதம் தேடிக் கண்டுபிடித்த சங்கத்தை அரை நாளில் இழக்கப்போகிறேன் என்று எனக்குத் தோன்றியது. வலை பாறையில் கொளுவியிருந்தது, அவ்வளவுதான் என்று எழுதிவிடலாம். ஆறு பாகத்துக்குக் கீழே போய் யார் பார்க்கப்போகிறார்கள்? அந்த நினைப்பு வந்தது என்பதையும் மறைக்கக் கூடாது. ஆனால் ஏழு கைநாட்டும் என் சட்டைப் பைக்குள் இருந்தன. அவர்களுடைய புது வலை அது.

"நான் கண்டத எழுதத்தான் வேணும்," என்றேன். "அதுக்கு முதல் நாங்களே போய்ச் சொல்லுவம். நானும் வாறன்."

மெக்கானிக் துடுப்பை எடுத்து வலிக்கத் தொடங்கினார். பாதிக் கடல் வந்ததும், "அவர் சொல்றது சரிதான்," என்றார் மாஸ்டரைப் பார்த்து.

மீன்காரர்களின் தலைவர் தன் வீட்டு வளவில் பூவரசு மரத்துக்குக் கீழே இருந்து வலை பொத்திக்கொண்டிருந்தார். கறுத்து இறுகிய உடம்பு, நரைத்த மீசை. எங்களைக் கண்டதும் எழும்பவில்லை. நான் யாரென்று சொன்னேன். மாஸ்டர் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். வலை எங்கே கிடக்கிறது, ஆமை எப்படி மாட்டியிருந்தது, எவ்வளவு அறுத்தோம், ஏன் சொல்லவில்லை. வகுப்பில் பாடம் படிப்பிக்கிறவர், அன்று மாணவனைப் போல் கைகட்டிக்கொண்டு நின்றார்.

தலைவர் ஊசியைக் கீழே வைத்தார். எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஆமை போயிட்டா?" என்று கேட்டார்.

"போயிட்டு."

"பெரிசா?"

மாஸ்டர் கைகளை விரித்துக் காட்டினார்.

"ம்," என்றார் அவர். "ஆமைக்கு அறுத்தது பறவாயில்ல. நானெண்டாலும் அறுத்திருப்பன். சொல்லாம விட்டீங்களே, அதுதான் பிழை. வலையக் களவெடுத்துக் கொண்டுபோய் வித்திட்டீங்க எண்டு நாங்க நினைச்சம். எங்கட ஆக்களுக்குள்ளயே ஒருத்தன ஒருத்தன் சந்தேகப்பட்டு ரெண்டு வீட்டுக்குள்ள கதையே இல்ல."

அவர் ஊசியை மறுபடி எடுத்தார்.

"அந்தத் துவாரத்த ஒரு நாளில பொத்திடலாம்," என்றார். "வலைய எடுக்கேலுமா?"

"ஏலும்," என்றார் மெக்கானிக். தோணியில் பம்பைப் பற்றிக் கதைத்த பிறகு அவர் வாயிலிருந்து வந்த முதல் மகிழ்ச்சியான சொல் அது. "அடுத்த ஞாயிறு எடுத்துத் தாறம். இப்ப நாங்க மூணு பேர்."

மூணு பேர் என்று அவர் சொன்னதை நான் கவனித்தேன். ஆனால் முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை.

திரும்பும் வழியில் மாஸ்டரிடம், கண்ணாடி விழுந்தபோது நான் மேலே பாய இருந்ததையும், திருகோணமலையில் பாய்ந்ததையும் சொல்லிவிட்டேன். அவர்கள் என்னைச் சேர்க்காவிட்டாலும் பரவாயில்லை, தெரியாமல் சேர்க்கக் கூடாது என்று பட்டது.

"எனக்குத் தெரியும்," என்றார் மாஸ்டர். "உங்கட உடம்பு மேல எழும்பப் பாத்தது. ஆனா போகல்லையே. நான் முதல் தரம் வாந்தியெடுத்தவன். இவரக் கேளுங்க, இவர் ஒரு பாம்பு மீனைக் கண்டு ஈயப் பட்டிய கழட்டி எறிஞ்சிட்டு மேல போனவர். அந்தப் பட்டி இன்னும் கடலுக்கதான்."

"பாம்பு மீன் இல்ல, பாம்பு," என்றார் மெக்கானிக். அதைப் பற்றி ஜீப் நின்ற இடம் வரும்வரை இருவரும் சண்டை பிடித்துக்கொண்டு வந்தார்கள். ஜீப்பிலிருந்து சைக்கிள் டியூப் துண்டொன்றை எடுத்து, மெக்கானிக் என் கண்ணாடிக்குப் புதுப் பட்டி வெட்டிக்கொடுத்தார்.

வீட்டுக்குப் போனதும் மனைவி என் நெற்றியிலும் கன்னத்திலும் கண்ணாடி பதிந்திருந்த வட்டத்தைப் பார்த்தாள். கேட்க முன்பே எல்லாவற்றையும் சொன்னேன், பட்டி அறுந்தது உட்பட. அதைச் சொல்லும்போது அவள் கை என் சட்டையைப் பிடித்துக்கொண்டது.

"அந்த ரெண்டு பேருக்கும் பொண்டாட்டி புள்ளைகள் இரிக்கா?" என்று கேட்டாள்.

"ஓம். மாஸ்டருக்கு மூணு புள்ளைகள். மற்றவருக்கு ரெண்டு."

"அப்ப கவனமாத்தான் இரிப்பாங்க," என்றாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அவங்க பொண்டாட்டிமாரும் என்னப்போலதான் பாத்துக்கிட்டு இரிக்குங்கள்," என்றாள்.

மறுநாள் கந்தோரில் பெரிய கிளாக்கரிடம் ஒரு வேண்டுகோளோடு போனேன். இந்த ஆட்களோடு நானும் சேர்ந்து சுழியோடப்போகிறேன், ஆகவே இந்தப் பெட்டிசத்தை வேறு ஒருவர் விசாரிப்பதுதான் முறை என்றேன். கண்டதையெல்லாம் எழுதி அவர் முன்னால் வைத்தேன், கத்தியால் அறுத்ததையும் மறைக்கவில்லை. அவர் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு முழுவதையும் வாசித்தார். என் வேலை போய்விடுமோ என்றுகூட எனக்குப் பயம் இருந்தது.

"நீர் தண்ணிக்குள்ள போய்ப் பாத்தீரா?"

"ஓம் ஐயா."

"இந்தக் கந்தோரில வேற யார் தண்ணிக்குள்ள போய்ப் பாக்கேலும்? நானா?" அவர் தன் தொப்பையைத் தடவிக்கொண்டார். "காரியாதிகாரிக்கு உள்ளத உள்ளபடி நான் சொல்லுறன். நீர் வலைய எடுத்துக் குடும்."

அவர் சொன்னபடியே காரியாதிகாரியிடம் போய்ச் சொன்னார். அவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மீன்காரர் திருப்திப்பட்டால் போதும் என்று பெட்டிசக் கோவையில் எழுதிவிட்டார்.

அடுத்த ஞாயிறு கடல் பாய் விரித்தாற்போல் அலையில்லாமல் கிடந்தது. மீன்காரர்கள் இரண்டு தோணியில் வந்தார்கள். நாங்கள் இருவர் இருவராக மாறி மாறி இறங்கினோம். கத்தியைத் தொடுவதில்லை என்று முதலே பேசிக்கொண்டோம். ஒவ்வொரு கண்ணியாகப் பாறையிலிருந்து விரலால் கழற்றினோம். என் நகங்களில் இரண்டு பெயர்ந்தன. சைக்கிள் டியூப் பட்டி அசையவில்லை. கடைசி மூலை விடுபட்டதும் வலையின் தலைக்கயிற்றில் கயிறு கட்டி மூன்று தடவை இழுத்து அடையாளம் காட்டினேன். வலை முழுவதும் ஒரு புகைமண்டலத்தைப் போல் அடியிலிருந்து எழும்பியது. மீன் கூட்டம் சிதறியது. நான் பாறையைப் பிடித்தபடி அது மேலே போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நெஞ்சில் எட்டு மாதமாக அடைத்துக்கொண்டிருந்தது என்னவென்று அதுவரை எனக்கே தெரியாது. அதுவும் வலையோடு சேர்ந்து மேலே போனதுபோல் இருந்தது.

மேலே வந்தபோது தோணிகளில் சத்தமும் சிரிப்பும். செத்துப்போன மீன்களின் நாற்றம் தாங்க முடியவில்லை, அதைப் பற்றி ஒருவரும் கவலைப்படவுமில்லை. கதையற்றுப் போயிருந்த இரண்டு வீட்டு ஆண்களும் ஒரே தோணியில் நின்று ஒரே கயிற்றை இழுத்தார்கள். கரையில் தலைவர் துவாரத்தைத் தன் கையால் அளந்து பார்த்தார். "ரெண்டு முழந்தான்," என்றார், மாஸ்டரின் தோளில் தட்டிவிட்டு. இனித் தோணி வலிக்கத் தன் மகனையே அனுப்புவதாகவும், ஆனால் வாவல் மீன் ஓடும் நாட்களில் அந்தப் பக்கம் வரக்கூடாது என்றும் சொன்னார். மாஸ்டர் அதைத் தன் கொப்பியில் எழுதிக்கொண்டார். எங்கள் சங்கத்தின் முதலாவது சட்டம் அதுதான்.

அன்று பின்னேரம் திருக்கோவிலில் பஸ் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். உடம்பெல்லாம் உப்பு, விரல்களில் துணி சுற்றியிருந்தது. அக்கரைப்பற்றில் மாறி ஏறியது ஞாபகம் இருக்கிறது. நிந்தவூர் வயல்களில் காற்று அடித்ததும் ஞாபகம் இருக்கிறது. அதற்குப் பிறகு ஒன்றும் ஞாபகமில்லை. யாரோ தோளில் தட்டி எழுப்பியபோது பஸ் களுவாஞ்சிக்குடியில் நின்றது. நான் இறங்கவேண்டிய சாய்ந்தமருதும் போய், கல்முனையும் போய், எட்டு மைல் கட்டைக்கு மேல் தூங்கிப்போயிருந்தேன். கொண்டக்டர் சிரித்தார். நானும் சிரித்தேன். இறங்கி, எதிர்ப்பக்கம் வரும் பஸ்ஸுக்காக ஒரு தேத்தண்ணிக் கடை வாசலில் ஆறுதலாகக் காத்திருந்தேன்.